மருந்து இல்லாத நாட்களைக் கணக்கில் எழுதுகிறீர்களா?

மருந்துக்கிடங்கு | திங்கள், இரவு 9.40

பொது மருத்துவமனை ஒன்றின் மருந்துக் கிடங்கில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த நாடு, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். தட்டுப்பாடு வந்த எல்லா இடத்திலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

மருந்து தீர்ந்துபோகும்போதெல்லாம் பேச்சு இரண்டே பக்கம்தான் போகிறது. "நிதி ஒதுக்குங்கள்" என்பார்கள், இல்லாவிட்டால் "உள்நாட்டிலேயே தயாரியுங்கள்" என்பார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கிடங்கில் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் வேறொன்று படுகிறது. எங்கள் கணக்கே தட்டுப்பாட்டை வளர்க்கிறது.

ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் 9,000 செலவானதாகப் பதிவேடு சொல்கிறது. பன்னிரண்டால் வகுத்து, மாதத் தேவை 750 என்று மேலே எழுதி அனுப்புகிறோம். ஆனால் அந்த வருடத்தில் மூன்று மாதம் மருந்தே கிடையாது. இருந்த ஒன்பது மாதத்தில்தான் அந்த 9,000 போயிற்று. ஆக, உண்மையான தேவை மாதம் 1,000. நாங்கள் கேட்ட 750 ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்ந்தாலும், இந்த வருடமும் மூன்று மாதம் கையை விரிக்க வேண்டியதுதான். யாரும் திருடவில்லை, யாரும் தூங்கவில்லை. வகுத்ததில்தான் தப்பு.

பதிவேட்டில் வரவுக்கு ஒரு கட்டம் உண்டு, செலவுக்கு உண்டு, இருப்புக்கு உண்டு. "கேட்டார்கள், கொடுக்க முடியவில்லை" என்பதற்குக் கட்டமே கிடையாது. திரும்பிப் போன நோயாளி காகிதத்தில் வரவே இல்லை.

தொழிற்சாலையும் பணமும் வர வருடங்கள் ஆகும். அதுவரை, கையில் இருக்கிற மருந்தோடு ஒரு நாட்டின் சுகாதார அமைப்பு எப்படித் தாக்குப்பிடிப்பது? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

வார்டுவாசி | திங்கள், இரவு 11.15

கிடங்கு சார், நீங்கள் சொல்லும் அந்த "இல்லை" எங்களை எப்படி வந்தடைகிறது தெரியுமா? நான் மருந்து எழுதி, சிஸ்டர் சீட்டை எடுத்துக்கொண்டு போய், வெறுங்கையோடு திரும்பி வரும்போதுதான். இரவு இரண்டு மணிக்கு மாற்று மருந்தை யோசிக்கிறவனுக்கு நிதானம் இருக்காது.

மூன்று வாரம் முன்னால் தெரிந்தால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. 2017இல் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டபோது, அங்கிருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன சலைன் பைகள் நின்றுபோயின. அவர்கள் என்ன செய்தார்கள்? பையில் கலந்து ஏற்றிய மருந்துகளில் எவற்றையெல்லாம் சிரிஞ்சில் மெதுவாகச் செலுத்தலாமோ அவற்றை அப்படி மாற்றினார்கள். குடிக்க முடிந்த நோயாளிக்கு வாய் வழியாகவே நீர் கொடுத்தார்கள். யோசித்துப் பார்த்தால், நாம் ஏற்றும் சலைனில் பாதி பழக்கத்துக்காக ஏற்றுவதுதான். (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.)

2023இல் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு வந்த தட்டுப்பாடு இதைவிடக் கொடுமை. குஜராத்தில் ஒரு தொழிற்சாலையில் அமெரிக்க ஆய்வாளர்கள் தரக் குறைபாடுகளைக் கண்டுபிடித்தார்கள், உற்பத்தி நின்றது. அமெரிக்காவுக்கான சிஸ்பிளாட்டினில் பாதி அந்த ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அப்போது புற்றுநோய் மருத்துவர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இதுதான்: குணமாகக்கூடிய புற்றுநோய்க்கு முதலில் கொடுங்கள், வேறு மருந்து சமமாக வேலை செய்யும் இடத்தில் அதற்கு மாறுங்கள், ஒரு வயலில் (ஊசி மருந்துக் குப்பியில்) மிஞ்சியதைக் குப்பையில் போடாமல் நோயாளிகளை ஒரே நாளில் வரவழைத்துப் பகிருங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மருத்துவர் முடிவு செய்யக் கூடாது. என் நோயாளிக்காகச் சண்டை போடுவதுதான் என் வேலை. பங்கு பிரிக்கும் வேலையையும் என் தலையில் கட்டினால் இரண்டையும் ஒழுங்காகச் செய்ய மாட்டேன். அதற்கு ஒரு குழு வேண்டும். விதி எழுத்தில் இருக்க வேண்டும், தட்டுப்பாடு வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

---

சுயசார்பு | செவ்வாய், காலை 7.02

மன்னிக்கவும். இதெல்லாம் ஓட்டைப் பாத்திரத்துக்கு ஒட்டுப்போடுகிற வேலை. மாத்திரைக்கான மூலப்பொருள் உலகத்துக்கே இரண்டு மூன்று நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே ஒரு தொழிற்சாலை தும்மினால் இங்கே நோயாளிக்குக் காய்ச்சல். அடிப்படை மருந்துகளையாவது சொந்தமாகத் தயாரிக்காத நாட்டில் பதிவேட்டில் கட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது?

---

பழைய டெண்டர்காரன் | செவ்வாய், காலை 8.30

> அடிப்படை மருந்துகளையாவது சொந்தமாகத் தயாரிக்காத நாட்டில்

தம்பி, மருந்துக் கொள்முதலில் முடி நரைத்தவன் நான். உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் உள்நாட்டில் இருப்பது வேறு, பல இடத்தில் இருப்பது வேறு. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலில் வட கரோலினாவில் ஒரே ஒரு தொழிற்சாலை வெள்ளத்தில் மூழ்கியது. அமெரிக்காவின் நரம்புவழித் திரவங்களில் சுமார் 60 சதவீதம் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. சொந்த மண்ணில்தான் இருந்தது. மூழ்கிப் போயிற்றே!

இன்னொன்று, தொழிற்சாலையைத் திறப்பது எளிது, ஓட்டுவதுதான் கஷ்டம். ஆஸ்திரியாவில் குண்டல் என்ற ஊரில் பென்சிலினைத் தொடக்கம் முதல் கடைசி வரை தயாரிக்கும் ஆலை இருக்கிறது. அது மூடிவிடக் கூடாது என்பதற்காக 2020இல் அந்த நாட்டு அரசு 5 கோடி யூரோ தருவதாக ஒப்புக்கொண்டது. பென்சிலின் எவ்வளவு மலிவான மருந்து என்று எல்லோருக்கும் தெரியும். மலிவாக இருப்பதால்தான் யாரும் அதைச் செய்ய முன்வருவதில்லை.

பென்சதீன் பென்சிலினைப் பாருங்கள். வாத இதய நோய் உள்ள பிள்ளைக்கு மாதாமாதம் போடும் ஊசி. கர்ப்பிணிக்கு சிபிலிஸ் இருந்தால், வயிற்றுப் பிள்ளைக்குப் பரவாமல் தடுக்கப் பரிந்துரைக்கப்படும் மருந்து அது ஒன்றுதான். காப்புரிமை முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனாலும் அதன் மூலப்பொருளைச் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஏனென்றால் அதில் லாபம் இல்லை.

இப்போது எங்கள் தரப்புக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். டெண்டரில் எல்-ஒன், அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர் ஒருவருக்கே மொத்த ஆர்டரையும் கொடுத்துவிடுவோம். மற்றவர்கள் அந்த மருந்தையே கைவிட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அவர் ஒருவர்தான் மிஞ்சுவார். அவருக்கும் பில் பணம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். தாமதமானால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்போம், ஆனால் அவர் விலகிப் போனால் வேறு ஆள் இல்லை என்பதால் அதை வசூலிக்கவும் தைரியம் இருக்காது. ஆர்டரை 70-30 என்று இருவருக்குப் பிரித்திருந்தால் விலை கொஞ்சம் கூடியிருக்கும். அந்தக் கூடுதலைத் தணிக்கைக்காரர் கேள்வி கேட்பார். மருந்து இல்லாமல் போன மூன்று மாதத்தைப் பற்றி அவர் கேட்க மாட்டார், கிடங்கு சொன்ன மாதிரி அது காகிதத்திலேயே இல்லையே.

என்னைக் கேட்டால், பணத்தைச் சரியான தேதியில் கொடுப்பதுதான் முதல் சீர்திருத்தம்.

---

சுயசார்பு | செவ்வாய், காலை 9.11

சரி, ஹெலீன் உதாரணத்தை ஏற்கிறேன். அப்படியானால் கையிருப்பைக் கட்டாயமாக்கலாமே? ஃபின்லாந்தில் சட்டமே இருக்கிறது என்று படித்திருக்கிறேன்.

---

பழைய டெண்டர்காரன் | செவ்வாய், காலை 9.48

இருக்கிறது, 2008ஆம் ஆண்டுச் சட்டம். மருந்தைப் பொறுத்து 3, 6 அல்லது 10 மாதத் தேவைக்கான இருப்பைத் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் மருத்துவமனைகளும் வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியிலும் 2022-23 குளிர்காலத்தில் குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் கிடைக்காமல் பெற்றோர் கடை கடையாக அலைந்த பிறகு, 2023இல் ஒரு சட்டம் வந்தது. காப்பீட்டு நிறுவனங்களோடு தள்ளுபடி ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஆறு மாத இருப்பு வைக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் டெண்டர்களில் ஐரோப்பாவில் தயாராகும் மூலப்பொருளுக்குத் தனியாக ஒரு பங்கு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தட்டுப்பாடு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்போது இருப்பைக் கட்டாயமாக்கினால், இருக்கிற கொஞ்சமும் பணக்கார நாடுகளின் கிடங்குக்குள் போய்விடும். மழை பெய்யும்போதுதான் தொட்டி கட்ட வேண்டும் என்பது இல்லை, வறண்ட காலத்திலும் கட்டலாம். ஆனால் நிரப்புவதற்கு மழை வேண்டும்.

---

மருந்துக்கிடங்கு | செவ்வாய், காலை 10.20

கையிருப்பு என்றதும் "காலாவதியாகிவிடுமே" என்று சிலர் கேட்பார்கள். தனி அறையில் பூட்டி வைத்தால் ஆகும்தான். அன்றாடச் சரக்கோடு சேர்த்துச் சுழற்றினால் ஆகாது. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும், புதிதாக வந்தது அலமாரியின் பின்பக்கம் போக வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. நடைமுறையில், அவசரத்தில் சரக்கு இறக்கும் ஆள் முன்னால் இடம் இருந்தால் முன்னால்தான் வைப்பார்.

---

எண்கணக்கன் | செவ்வாய், பிற்பகல் 1.05

கிடங்கு அண்ணாவின் 750க்கும் 1,000க்கும் உள்ள வித்தியாசம் பாதிக் கதைதான். மறுபாதி நேர் எதிரானது.

போன தடவை 1,000 கேட்டவருக்கு 500 கொடுத்தார்கள் என்று வையுங்கள். இந்தத் தடவை அவர் 2,000 கேட்பார், பாதி வெட்டினாலும் வேண்டியது கிடைத்துவிடும். பக்கத்து மருத்துவமனையும் அப்படியே. மேலே இருப்பவருக்குத் திடீரென்று நாட்டில் நோயாளிகள் இரட்டிப்பானது போலத் தெரியும். அவர் தயாரிப்பாளரிடம் அதற்கும் மேல் ஒரு பங்கு சேர்த்துக் கேட்பார். தேவையில் சின்னதாக ஒரு அசைவு, மேலே போகப் போகப் பெரிய அலையாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்துச் சரக்கு வந்து குவிந்ததும் எல்லோரும் கேட்பதை நிறுத்துவார்கள். தயாரிப்பாளர் உற்பத்தியைக் குறைப்பார். மறுபடி முதலிலிருந்து.

ஒருவர் குறைத்துச் சொல்கிறார், இன்னொருவர் கூட்டிச் சொல்கிறார், இருவருமே பொய் சொல்லும் எண்ணத்தில் செய்யவில்லை. இதற்கு மருந்து, இண்டெண்டை (மருத்துவமனை எழுதி அனுப்பும் தேவைப் பட்டியலை) நம்பாமல் இருப்பை நேரடியாகப் பார்ப்பதுதான். ஒரு மருத்துவமனையில் எட்டு மாதச் சரக்கு தூங்கும், இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றில் அலமாரி காலியாக இருக்கும். நாடு முழுக்கப் பற்றாக்குறை என்று செய்தி வரும். கூட்டிப் பார்த்தால் எல்லோருக்கும் இரண்டு மாதத்துக்குப் போதும்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியபோது செய்த நல்ல காரியம் ஒன்று இங்கே பொருந்தும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கீடு இத்தனை என்று எழுதியிருக்கும். மாவட்டக் கிடங்கில் வேண்டிய மருந்தை எடுத்துக்கொண்டால் அந்த மதிப்பு கழியும். தேவையில்லாததை வாங்கிக் குவித்தால் தன் பணம்தான் தீரும் என்பதால், கேட்பவருக்கே ஒரு கணக்கு வரும்.

மென்பொருள் வந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இருப்பு அதிகம் என்று உண்மையைச் சொன்னால் சரக்கைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், தீர்ந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றிருந்தால், எந்தக் கணினியிலும் எல்லோருக்கும் "போதுமான இருப்பு" என்றுதான் இருக்கும்.

---

மருந்துக்கிடங்கு | செவ்வாய், பிற்பகல் 1.30

அந்த மெமோ இரண்டு தடவை எனக்கே வந்திருக்கிறது. மூன்றாவது தடவை, பத்து மாத்திரையை வேண்டுமென்றே அலமாரியில் நிறுத்தி வைத்தேன். "இருப்பு: பூஜ்யம்" என்று எழுத வேண்டாமே என்றுதான். அந்தப் பத்தும் யாருக்கும் போகவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

---

இன்சுலின் அம்மா | செவ்வாய், இரவு 8.17

நான் எந்தத் துறையிலும் இல்லை. என் மகனுக்கு ஆறு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. இந்த இழையை முழுக்கப் படித்தேன். நீங்கள் எல்லோரும் மருந்து எங்கே இருக்கிறது என்று பேசுகிறீர்கள். எங்களிடம் என்ன சொல்வது என்று யாரும் எழுதவில்லை.

எங்களுக்குச் சொல்லப்படுவது "அடுத்த வாரம் வந்து பாருங்கள்". அடுத்த வாரம் போனால் மறுபடியும் அடுத்த வாரம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறோம். "இரண்டு மாதத்துக்கு வராது" என்று நேராகச் சொல்லியிருந்தால் கடன் வாங்கியாவது வேறு ஏற்பாடு செய்திருப்பேன். "அடுத்த வாரம்" என்ற நம்பிக்கையில் இருந்ததை நீட்டி நீட்டிப் போட்டோம். சர்க்கரை ஏறி அவனை ஐசியுவில் சேர்த்தது அந்த மாதத்தில்தான்.

இன்னொரு தடவை, பேனாவில் போடும் இன்சுலின் இல்லை என்று வயலில் உள்ளதைக் கொடுத்தார்கள். 100 யூனிட் பலம் உள்ள வயல். எங்கள் வீட்டில் பழைய சிரிஞ்சு இருந்தது, 40 யூனிட் வயலுக்கானது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நல்லவேளை, போடுவதற்கு முன் சிரிஞ்சில் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்திருந்தால் உள்ளே போவது 25 யூனிட். என் பிள்ளைக்கு அது எமன்.

உணவு நேரமும் மாறுகிறது. முன்பு போட்டது சாப்பிட உட்காரும்போது போடுவது. மாற்றிக் கொடுத்தது அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியது. இதையும் நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

---

வார்டுவாசி | செவ்வாய், இரவு 9.02

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மாற்று மருந்து பட்டியல் போடும்போது நாங்கள் "எதற்குப் பதில் எது" என்று இரண்டு கட்டம் போடுகிறோம். மூன்றாவது கட்டம் வேண்டும்: மாற்றும்போது வீட்டில் என்ன மாறுகிறது என்று. சிரிஞ்சு, நேரம், அளவு, பத்தியம் எல்லாம்.

குழந்தை மருந்துகளில் சில சமயம் மாற்றே மேலாக இருக்கும். அமாக்ஸிசிலின் சிரப்புக்குப் பதில் தண்ணீரில் கரையும் மாத்திரையை யூனிசெஃப் பல வருடமாகப் பரிந்துரைக்கிறது. பாட்டிலைவிடச் சுமை குறைவு, குளிர்ப்பெட்டி வேண்டாம், அளவு தப்பாது. ஆனால் விளக்கிச் சொல்லாமல் கொடுத்தால் "குழந்தைக்கு மாத்திரையா?" என்று குப்பையில் போட்டுவிடுவார்கள்.

---

அலமாரிப்பூனை | செவ்வாய், இரவு 10.26

மருந்துக்கடை ஆள் பேசுகிறேன். சீட்டில் எழுதிய 500 மில்லிகிராம் இல்லை, 250 இருக்கிறது. இரண்டாகக் கொடுக்கலாம். பல நாடுகளில் அதற்கும் டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். பிரிட்டனில் 2019இலிருந்து கடுந்தட்டுப்பாட்டு நெறிமுறை என்று ஒன்று உண்டு. எந்த மருந்துக்கு, எந்தத் தேதி வரை, எதை மாற்றிக் கொடுக்கலாம் என்று அரசே எழுதி வெளியிடும். மருந்தாளுநர் அதற்குள் நின்று புதுச் சீட்டு இல்லாமலே கொடுக்கலாம். திறந்த அதிகாரம் கிடையாது, காலக்கெடு உண்டு. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அம்மா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்குச் சங்கடம். தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஊருக்கே அறிவித்தால் என்ன ஆகும்? என் கடையில் நடந்தது. ஒரு மருந்து குறையலாம் என்று சமூக ஊடகத்தில் ஒரு வரி வந்தது. மாலைக்குள் மூன்று மாதச் சரக்கு போய்விட்டது. வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அந்த மருந்து தேவையே இல்லை. அறிவிப்பே தட்டுப்பாட்டை உண்டாக்கியது.

---

இன்சுலின் அம்மா | செவ்வாய், இரவு 10.51

ஊருக்குச் சொல்ல வேண்டாம் சார். அந்த மருந்தைப் போடுகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதே. எங்களுக்குச் சொல்லுங்கள்.

---

அலமாரிப்பூனை | செவ்வாய், இரவு 10.58

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயம்தான்.

---

எண்கணக்கன் | புதன், காலை 6.40

தயாரிப்பாளர் முதலில் அரசிடம் சொல்லியாக வேண்டும், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் 2019 ஜனவரியிலிருந்து சீட்டு மருந்துகளின் தட்டுப்பாட்டை நிறுவனங்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், அந்தப் பட்டியல் பொதுவில் இருக்கிறது. அமெரிக்காவிலும் 2012 சட்டத்துக்குப் பிறகு முன்கூட்டியே தெரிவிக்கும் கடமை விரிவானது. பட்டியல் வெளியிட்டால் பீதி வரும் என்ற பயம் முழுப் பொய் இல்லை. ஆனால் பட்டியல் இல்லாத இடத்தில் வதந்திதான் பட்டியல். அலமாரிப்பூனையின் கடையைக் காலி செய்தது அரசு அறிவிப்பா, வதந்தியா?

ஒரு நோயாளிக்கு ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்ற அளவுக் கட்டுப்பாட்டை அறிவிப்போடு சேர்த்தே கொண்டுவந்தால் பாதி பீதி அடங்கும். இரண்டையும் வெவ்வேறு வாரத்தில் செய்தால் நடுவில் இருக்கும் வாரத்தில் எல்லாம் போய்விடும்.

---

கோப்புக்காரி | புதன், காலை 11.33

தர ஆய்வுப் பக்கத்தில் இருக்கிறேன். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். தட்டுப்பாட்டின்போது எங்கள் மேசைக்கு வரும் வார்த்தை "அவசரம்". அவசரக் கொள்முதல், அவசர அனுமதி, சோதனை அப்புறம்.

2007-08 ஹெப்பாரின் விவகாரம் ஞாபகம் இருக்கலாம். ஹெப்பாரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. சீனாவில் பன்றிகளுக்கு நோய் வந்து மூலப்பொருள் குறைந்து விலை ஏறியது. அந்தச் சமயத்தில் கொண்ட்ராய்டின் சல்பேட் என்ற வேறொரு பொருளை வேதியியல் முறையில் மாற்றிக் கலந்த சரக்கு சங்கிலிக்குள் நுழைந்தது. அன்று வழக்கத்தில் இருந்த சோதனைகளில் அது உண்மையான ஹெப்பாரின் போலவே தெரிந்தது. பல நாடுகளுக்குப் போனது, அமெரிக்காவில் உயிர்கள் போயின. பற்றாக்குறை இருக்கும் இடத்தைப் போலிக்காரன் நம்மைவிட முன்னால் கண்டுபிடித்துவிடுகிறான்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் புழங்கிய நாட்டில் 1970களின் தொடக்கத்தில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே பட்டியலைச் சுமார் 600க்குக் குறைத்து, அரசு மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் மூலம் மொத்தமாக வாங்க வழி செய்தார். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். அவ்வளவு முன்னோடியான நாடு. 2022இல் டாலர் தீர்ந்தபோது மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் அந்த நாட்டில் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. அடுத்து 2023இல், தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி வாங்கிய இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்து தரமற்றது, ஆவணங்கள் போலி என்ற குற்றச்சாட்டு வெடித்தது. சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பிப்ரவரியில் கைதாகி, விஷயம் நீதிமன்றம் போனது.

அதனால் அவசரக் கொள்முதலே கூடாது என்று சொல்ல மாட்டேன், சாகக் கிடப்பவருக்கு டெண்டர் முடியும்வரை பொறு என்று சொல்ல முடியாது. அவசரத்துக்கான வழியை அமைதிக் காலத்திலேயே போட்டு வைக்க வேண்டும். வேறு நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்கெனவே சோதித்து ஏற்ற தயாரிப்புகளின் பட்டியல் தயாராக இருக்கட்டும். சிஸ்பிளாட்டின் விஷயத்தில் அமெரிக்கா 2023இல் செய்ததும் ஏறக்குறைய இதுதான். தங்கள் நாட்டில் அனுமதி பெறாத ஒரு சீனத் தயாரிப்பை, ஆராய்ந்து பார்த்துத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய விட்டார்கள். சின்ன நாடுகள் தனித்தனியாகக் கெஞ்சுவதைவிடச் சேர்ந்து வாங்கலாம். பான் அமெரிக்க சுகாதார அமைப்பின் கூட்டுக் கொள்முதல் நிதிகள் லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கு இதைத்தான் செய்கின்றன.

---

சுயசார்பு | புதன், பிற்பகல் 2.15

நான் சொன்னது இன்னும் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் வரிசை மாறிவிட்டது. தொழிற்சாலைக்கு முன்னால், எந்த மருந்து இல்லாவிட்டால் ஆள் அன்றே சாவான், எது இல்லாவிட்டால் தாங்கும் என்ற பட்டியல் வேண்டும். அது இல்லாமல் எதைத் தயாரிப்பது?

---

வார்டுவாசி | புதன், மாலை 5.50

அந்தப் பட்டியல் பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது, உயிர்காப்பது, அத்தியாவசியம், மற்றவை என்று மூன்றாகப் பிரித்து. சுவரில் மாட்டியிருக்கும். வாங்கும்போது யாரும் சுவரைப் பார்ப்பதில்லை.

பெரிய அளவில் பங்கீடு நடக்காது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2016இல் காங்கோவின் கின்ஷாசாவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போதவில்லை. ஒரு டோஸை ஐந்தாகப் பிரித்து, 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கும் பாதுகாப்புத் தரும் என்பதற்கான ஆய்வுகள் முன்பே கையில் இருந்ததால்தான் அந்தத் துணிச்சல் வந்தது. காலரா தடுப்பூசியிலும் 2022 அக்டோபரில், பரவல் தடுப்புப் பணிகளில் இரண்டு டோஸை ஒன்றாக்கினார்கள். ஆய்வு இல்லாமல் அளவைக் குறைப்பது பங்கீடு ஆகாது, அது ஏமாற்று. ஆன்டிபயாட்டிக்கை "ஐந்து நாளுக்குப் பதில் இரண்டு நாள் போதும்" என்று கொடுத்தனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

---

மருந்துக்கிடங்கு | ஞாயிறு, இரவு 7.25

நான்கு நாளாக எழுதவில்லை, வேலை. ஒரு சாதாரண நோட்டில் புதிதாகக் கட்டங்கள் போட்டிருக்கிறேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மருந்தின் பெயர், தீர்ந்த தேதி, திரும்ப வந்த தேதி, இடையில் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர், என்ன மாற்றுக் கொடுத்தோம். டாக்டர் சொன்ன மாதிரி, மாற்றினால் வீட்டில் என்ன மாறுகிறது என்று ஒரு கட்டம். உயிர்காக்கும் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மட்டும்தான் தொடங்கியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் போட்டால் இரண்டாவது வாரமே நோட்டு மூலைக்குப் போய்விடும், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதல் வாரத்தில் ஒரு வலிப்பு மருந்துக்கு மட்டும் முப்பத்தொரு பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். பதிவேட்டின்படி அந்த மருந்தின் இந்த வாரத் தேவை பூஜ்யம். பக்கத்து மருத்துவமனைக் கிடங்குக்காரரிடம் போனில் கேட்டேன். அவரிடம் இருந்தது. எழுத்தில் கொடுக்க மாட்டேன், கைமாற்றாக வாங்கிக்கொள் என்றார். வாங்கிக்கொண்டேன்.

---

இன்சுலின் அம்மா | ஞாயிறு, இரவு 8.03

அண்ணா, இன்னொரு கட்டம் சேருங்கள். அடுத்து எப்போது வரும் என்று.

---

மருந்துக்கிடங்கு | ஞாயிறு, இரவு 8.10

அது எனக்கே தெரியாதே அம்மா. மேலே கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். என்ன எழுதுவது?

---

இன்சுலின் அம்மா | ஞாயிறு, இரவு 8.14

தெரியாது என்றே எழுதுங்கள். எந்தத் தேதியில் மறுபடி கேட்டுப் பார்ப்பீர்கள் என்று பக்கத்தில் போடுங்கள். நான் அன்றைக்கு மட்டும் வருகிறேன்.